சாலைக்கு வைடன், அனுபவத்துக்கு பிராடன்

ஹைதராபாத்தில் ஒரு கடையின் முகப்பு பாதியாக வெட்டப்பட்டு நின்றால் அக்கம்பக்கத்தார் சொல்லும் விளக்கம் ஒரே வரிதான்: "வைடனிங்ல போயிடுச்சு." வீட்டில் பேசுவது தெலுங்கோ, உருதுவோ, தமிழோ, இந்தச் சொல் மட்டும் ஆங்கிலமாகவே வரும். செகந்திராபாத்தை ஒட்டிய மெட்டுகுடாவிலும் அப்படித்தான். சாலையை அகலப்படுத்துவது அங்கே 'ரோடு வைடனிங்'.

அதே மெட்டுகுடாவில் அண்ணாந்து பார்த்தால் மெட்ரோ ஓடுகிறது. நாகோலிலிருந்து அமீர்பேட் வழியாக மியாபூர் வரை 30 கிலோமீட்டர் தடம் 2017 நவம்பரில் திறக்கப்பட்டபோது மெட்டுகுடாவுக்கும் நிலையம் கிடைத்தது. நாகோல் தடம் 2019 மார்ச்சில் ஹைடெக் சிட்டியையும், நவம்பரில் ராய்துர்க்கையும் எட்டியது. இதுவும் ஒரு வளர்ச்சிதான். ஆனால் இதை யாரும் வைடனிங் என்று சொல்வதில்லை, 'எக்ஸ்டென்ஷன்' என்கிறார்கள். அகலம் கூடினால் வைடன். நீளமோ காலமோ கூடினால் எக்ஸ்டெண்ட். விசா காலாவதி தள்ளிப்போவதும் விண்ணப்பத்தின் கடைசித் தேதி தள்ளிப்போவதும் அதனால்தான் எக்ஸ்டென்ஷன் ஆகின்றன.

இவ்வளவுதான் விதி என்றால் ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்குச் சிரமமே இல்லை. மெட்டுகுடாவின் ரயில்வே பக்கம் போனால் இந்த விதி தடுமாறுகிறது. பக்கத்து லாலாகுடாவில் 1893 முதல் ரயில்வே பணிமனை இயங்குகிறது. சுற்றுவட்டாரத்தின் வாழ்க்கையே ரயிலோடு பிணைந்தது. செகந்திராபாத்திலிருந்து மன்மாட் வரை சென்ற பாதை முன்பு மீட்டர்கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். பின்னர் அது 1,676 மில்லிமீட்டர் பிராட்கேஜ் ஆனது. அகலம் கூடியது கண்கூடு. ஆனாலும் ரயில்வே ஆவணங்களில் இந்த வேலையின் பெயர் 'கேஜ் கன்வர்ஷன்'. பழைய பாதையை இழுத்து அகலமாக்கவில்லை. ஒரு வகையை எடுத்துவிட்டு வேறு வகையைப் போட்டார்கள். அதனால் அது மாற்றம்.

ரயில்வே பொறியாளரிடம் 'கேஜ் வைடனிங்' என்று சொல்லிப் பார்த்தால் அவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். கூர்மையான வளைவுகளில் சக்கரங்கள் சிக்காமல் திரும்புவதற்காகத் தண்டவாளங்களுக்கு இடையே சில மில்லிமீட்டர் கூடுதலாக விடுவார்கள். அதுதான் அவர் அறிந்த வைடனிங். அளவில் சொற்பமான அந்தச் சில மில்லிமீட்டருக்கு வைடன் கிடைத்தது, 676 மில்லிமீட்டருக்குக் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, புதுப் பாதையின் பெயர் 'வைட் கேஜ்' அல்ல, 'பிராட் கேஜ்'. அகராதியில் இரண்டுக்கும் பொருள் அகலம்தான். வழக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

தமிழர்கள் தடுக்கி விழும் இடம் இது. நம் செய்தித்தாள்களில் சாலை விரிவாக்கம், விமான நிலைய விரிவாக்கம், அமைச்சரவை விரிவாக்கம், மெட்ரோ விரிவாக்கம் எல்லாமே விரிவாக்கம். அதை மனத்தில் வைத்து ஆங்கிலம் எழுதுகிறவர் 'எக்ஸ்பேண்ட் த ரோடு' என்று எழுதிவிடுகிறார். அமைச்சரவைக்கும் நிறுவனத்துக்கும் எக்ஸ்பேண்ட் பொருந்தும். சூடேறிய இரும்புக்கும் பொருந்தும், ஏனென்றால் அது எல்லாத் திசையிலும் பெருகுகிறது. சாலைக்கு வேண்டியது வைடன். இரண்டு ஓரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் காட்சி அந்த வினையில் இருக்கிறது. ஆறு, புன்னகை, வியப்பில் விரியும் கண்கள் எல்லாவற்றுக்கும் அது சேர்வது இதனால்தான். ஏழைக்கும் பணக்காரருக்கும் உள்ள இடைவெளி, வரவுக்கும் செலவுக்கும் உள்ள பற்றாக்குறை, முன்னிலை வகிக்கும் வேட்பாளரின் வாக்கு வித்தியாசம் என்று கண்ணுக்குத் தெரியாத ஓரங்கள் விலகும்போதும் ஆங்கிலப் பத்திரிகைகள் வைடன் என்றே எழுதுகின்றன. தமிழில் இவை அதிகரிக்கும், கூடும், அகலாது.

பிராடன் பெரும்பாலும் மனிதரோடு சேர்கிறது. அனுபவம், மனம், ரசனை, ஆதரவு வட்டம் ஆகியவை பிராடன் ஆகும். ஒரு விசாரணையின் வரம்பை வைடன் என்றாலும் பிராடன் என்றாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் இடைவெளிக்குப் பிராடன் போட்டால் ஆங்கிலக் காதுக்கு இடறும்.

ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து புழங்குகிறது என்பதும் அதன் பொருளில் ஒரு பங்கு என்று வாதாடியவர் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே.ஆர். ஃபர்த். இதை அவர் சொற்சேர்க்கை என்ற கருத்தாக வளர்த்தார். 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர். அவர் வழியில் வந்த ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987-ல் வெளியான கோபில்ட் அகராதி, கணினியில் திரட்டிய உண்மையான வாக்கியங்களிலிருந்து பொருளை எடுத்தது. தமிழில் 1992-ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் சொல்லுக்குப் பக்கத்தில் எடுத்துக்காட்டு வாக்கியத்தை வைத்தது. அகராதியில் பொருளைப் படித்துவிட்டு எடுத்துக்காட்டைத் தாண்டிப் போகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உண்மையான பாடம் அந்த எடுத்துக்காட்டில்தான் இருக்கிறது.

  

வைடனை வாக்கியத்தில் அமைக்கும்போது இன்னொரு சிக்கலும் வருகிறது. தமிழ், தானாக நடப்பதையும் பிறர் செய்வதையும் வினையிலேயே பிரித்துவிடும்: கண் விரிந்தது, பாயை விரித்தான். ஆங்கிலத்தில் வைடன் இரண்டுக்கும் ஒன்றே. பாலத்தைத் தாண்டியதும் சாலை வைடன் ஆகும். மாநகராட்சியும் சாலையை வைடன் செய்யும். இந்த இரட்டை வேடம் பிடிபடாதவர்கள், தானாக நடந்ததற்கும் செயப்பாட்டு வினை போட்டு 'த கேப் இஸ் வைடண்ட்' என்று எழுதுகிறார்கள். யாரோ முனைந்து இடைவெளியை அகலமாக்கியதுபோல அது தொனிக்கும். அங்கே இயல்பாக வர வேண்டியது 'த கேப் ஹாஸ் வைடண்ட்'. விலை உயர்ந்ததைச் சொல்லும்போதும் இதே பிழைதான்: 'பிரைசஸ் ஆர் இன்கிரீஸ்ட்' என்பது 'பிரைசஸ் ஹேவ் இன்கிரீஸ்ட்' ஆக வேண்டும்.