ஒரே ஆடியில் இரண்டு அமாவாசை

நாம் ஆடி என்பதை மலையாள அன்பர்கள் கர்க்கடகம் என்பர். கதிரவன் கடக இராசியுள் புகும்போது இரண்டும் பிறப்பதால், நம் ஆடி அமாவாசையே அவர்தம் கர்க்கடக வாவு. திருவல்லம் பரசுராமர் கோயிலிலும் சங்குமுகம் கடற்கரையிலும் அவர்கள் பிண்டமிடும் நாளில், கரமனையிலும் வலியசாலையிலும் நம்மவர் எள்ளும் நீரும் இறைப்பர். கேரள அரசின் விடுமுறையும் உண்டு.

2023-இல் இவ்வொற்றுமை பிரிந்தது. அவ்வாண்டு ஆடி முதல் நாளாகிய ஜூலை 17 அன்றே அமாவாசை வந்தது. அமாவாசைகளின் இடைவெளி ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். ஆடியோ அதனினும் நீண்டது. ஆதலின் ஆகஸ்டு 16 அன்று மற்றொன்றும் அதனுள் அடங்கிற்று. கேரளத்தார் முன்னதை வாவாகக் கொண்டனர், விடுமுறையும் அன்றே. சதுரகிரி முதலிய தமிழகத் தலங்களிலோ பின்னதே பெருவிழாவாயிற்று. அது இங்கு வேலைநாள், புதன்கிழமை.

மாதந்தோறும் தர்ப்பணம் செய்வார்க்கு இதில் இடரில்லை. ஆடியிலும் தையிலும் மட்டும் செய்யும் இல்லத்தார்க்கே தடுமாற்றம். நீத்தாரை நினைக்க விடுமுறை எதற்கு என்பார், காலை எட்டு மணிப் பேருந்தைப் பிடித்தறியாதவர். சொந்த ஊரில் மூத்தோர் கொண்ட நாளையே இங்கும் கொள்வது நன்று என்பது எம் கருத்து. முன்னரே வினவி அறிந்தால், அலுவலகத்தில் விடுப்புக் கேட்கவும் அவகாசம் கிட்டும்.