உயிரித் தொழில்நுட்ப நிறுவனப் பங்கின் வரலாற்று விலைகள்: பயோகான் எடுத்துக்காட்டு

ஒரு நிறுவனத்தின் பங்கு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நாள் முதல் ஒவ்வொரு வர்த்தக நாளிலும் என்ன விலைக்குக் கைமாறியது என்பதைக் காட்டும் பதிவே அதன் வரலாற்று விலைத் தரவு ஆகும். இது பார்ப்பதற்கு எளிய எண்பட்டியல். ஆனால் ஒரே நிறுவனத்தின் ஒரே நாள் விலையை இரண்டு இணையதளங்கள் இரண்டு விதமாகக் காட்டுவதுண்டு. இரண்டுமே சரியாகவும் இருக்கும். மருந்து ஆய்வை நம்பி வாழும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பயோகான் நிறுவனத்தின் பங்கு இதை விளக்க நல்ல எடுத்துக்காட்டு.

315 ரூபாயும் 330 ரூபாயும்

கிரண் மஜும்தார் ஷா 1978ஆம் ஆண்டு தொடங்கிய பயோகான், முதலில் நொதிகளைத் தயாரித்து விற்றது. பின்னர் இன்சுலின், புற்றுநோய் மருந்துகள் எனத் திசை மாறியது. 2004 மார்ச்சில் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. 5 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கின் வெளியீட்டு விலை 315 ரூபாய். 2004 ஏப்ரல் 7 அன்று பங்கு சந்தையில் பட்டியலிடப்பட்டது.

இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், இதே நிறுவனம் தகுதி பெற்ற பெருநிறுவன முதலீட்டாளர்களுக்குப் புதிய பங்குகளை விற்று 4,500 கோடி ரூபாய் திரட்டியது. அப்போது ஒரு பங்கின் விலை 330 ரூபாய்.

இந்த இரு எண்களை மட்டும் பார்ப்பவர், இருபத்தோரு ஆண்டுகளில் பங்கு ஐந்து சதவீதம்கூட ஏறவில்லை என்ற முடிவுக்கு வருவார். அது முற்றிலும் தவறு. இடையில் நிறுவனம் மூன்று முறை போனஸ் பங்கு கொடுத்திருக்கிறது. 2008இல் ஒரு பங்கு வைத்திருந்தவருக்கு இன்னொரு பங்கு இலவசமாகக் கிடைத்தது. 2017இல் ஒரு பங்குக்கு இரண்டு. 2019இல் மீண்டும் ஒன்றுக்கு ஒன்று. ஆக 2004இல் வாங்கிய ஒரு பங்கு 2008இல் இரண்டாகி, 2017இல் ஆறாகி, 2019இல் பன்னிரண்டானது.

போனஸ் பங்கு கொடுப்பதால் நிறுவனத்தின் மதிப்பு கூடுவதில்லை. ஒரு தோசையை நான்காக வெட்டினாலும் எட்டாக வெட்டினாலும் தோசை ஒன்றுதான். 900 ரூபாய்க்கு வர்த்தகமாகும் பங்குக்கு இரண்டு போனஸ் பங்கு தரப்பட்டால், போனஸ் உரிமை நீங்கும் நாளில் அதன் விலை 300 ரூபாயை ஒட்டித் தொடங்கும். முதலீட்டாளர் எதையும் இழக்கவில்லை. ஆனால் விலை வரைபடத்தில் அது செங்குத்தான வீழ்ச்சியாகத் தெரியும். இதைத் தவிர்க்கவே பழைய விலைகளைப் பின்னோக்கி வகுத்துச் சரிசெய்கிறார்கள். பயோகானின் வெளியீட்டு விலையான 315ஐ 12ஆல் வகுத்தால் 26 ரூபாய் 25 பைசா. இதுவே இன்றைய விலையோடு ஒப்பிடத்தக்க எண்.

26.25 ரூபாயிலிருந்து 330 ரூபாய் என்றால் சுமார் பன்னிரண்டரை மடங்கு. ஆண்டுக் கூட்டு வளர்ச்சியாகப் பார்த்தால் ஏறக்குறைய 12.6 சதவீதம். மோசமில்லை. ஆனால் இங்கே நிறுத்தினால் கணக்கு பாதியில் நிற்கும். 2004 மார்ச் முடிவில் 5,590 புள்ளிகளாக இருந்த சென்செக்ஸ், 2025 ஜூனில் 82,000 புள்ளிகளை ஒட்டி இருந்தது. அதாவது பதினான்கு மடங்குக்கு மேல். இரு பக்கமும் ஈவுத்தொகையைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. நாட்டின் முன்னோடி உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் என்று புகழப்பட்ட ஒன்றின் பங்கு, இந்தக் காலத்தில் சந்தையின் பொதுக் குறியீட்டைவிடச் சற்றுப் பின்தங்கியிருக்கிறது. புகழும் பங்கு விலையும் வேறு வேறு என்பது எண்களைச் சரிசெய்து, ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தெரிய வருகிறது.

எங்கே எந்த விலை

தேசியப் பங்குச் சந்தையும் மும்பை பங்குச் சந்தையும் தம் தளங்களில் வெளியிடும் நாள்வாரிப் பதிவுகள் பொதுவாகச் சரிசெய்யப்படாதவை. அன்றைய தினம் உண்மையில் என்ன விலைக்கு வர்த்தகம் நடந்ததோ அதுவே அவற்றில் இருக்கும். தரகர்கள் ‘பாவ்காப்பி’ என்று அழைக்கும் தினசரிக் கோப்பும் இவ்வகையே. யாஹூ ஃபைனான்ஸ் போன்ற தளங்களிலோ முடிவு விலை என்ற பத்தியே பங்குப் பிரிப்பு, போனஸ் ஆகியவற்றுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். பக்கத்தில் உள்ள இன்னொரு பத்தி ஈவுத்தொகையையும் கழித்துச் சரிசெய்த விலையைத் தரும்.

வருமான வரிக் கணக்குக்கும், பழைய ஒப்பந்தச் சீட்டைச் சரிபார்ப்பதற்கும் சரிசெய்யப்படாத விலை தேவை. நீண்ட கால வருவாயைக் கணக்கிடச் சரிசெய்யப்பட்ட விலை தேவை. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால் முழுக் கணக்கும் வீணாகும். கல்லூரித் திட்டப்பணிகளில் அடிக்கடி நேரும் பிழை இதுதான். ஒரே நாளில் 50 அல்லது 66 சதவீத வீழ்ச்சி தென்பட்டால், செய்தியைத் தேடுவதற்கு முன் போனஸ் தேதியைப் பார்ப்பது நல்லது.

முடிவு விலை என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்தியச் சந்தைகளில் அது நீண்ட காலமாக அன்றைய கடைசி வர்த்தகத்தின் விலையாக இருந்ததில்லை. கடைசி அரை மணி நேரத்து வர்த்தகங்களின் எடையிட்ட சராசரியாகவே கணக்கிடப்பட்டு வந்தது. பாவ்காப்பியில் கடைசி விலைக்கும் முடிவு விலைக்கும் தனித்தனிப் பத்தி இருப்பது இதனால்தான்.

தலைகீழ்ப் பிரிப்பு

அமெரிக்காவின் சிறிய உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களில் இதற்கு நேர்மாறானது நடக்கும். அங்கே பங்குகளைச் சேர்த்து ஒன்றாக்குவார்கள். நாஸ்டாக் சந்தையில் ஒரு பங்கின் விலை தொடர்ந்து ஒரு டாலருக்குக் கீழே இருந்தால் பட்டியலிலிருந்து நீக்கப்படும் ஆபத்து உண்டு. இருபது பங்குகளை ஒன்றாகச் சேர்த்தால் விலை இருபது மடங்காகும். ஆபத்தும் தற்காலிகமாக விலகும்.

தடுப்பூசி நிறுவனமான நோவாவாக்ஸ் 2019 மே மாதம் இதைச் செய்தது. 2016 செப்டம்பரில் அதன் ஆர்எஸ்வி தடுப்பூசி மூன்றாம் கட்டச் சோதனையில் தோல்வியடைந்தபோது, 8 டாலருக்குச் சற்று மேலிருந்த பங்கு ஒரே நாளில் சுமார் 85 சதவீதம் சரிந்தது. இன்று சரிசெய்யப்பட்ட பட்டியலைத் திறந்தால் அந்த நாளுக்கு முந்தைய விலை 160 டாலருக்கு மேல் இருந்ததாகக் காட்டும். அந்த விலையில் அந்தப் பங்கை அன்று எவரும் வாங்கவில்லை, விற்கவும் இல்லை. சதவீதம் சரி; டாலர் எண் கற்பனை. கொரோனா தடுப்பூசி எதிர்பார்ப்பில் 2021 தொடக்கத்தில் இதே பங்கு 300 டாலரைத் தாண்டியது. அது மட்டும் உண்மையான வர்த்தக விலை. ஒரே பத்தியில் இரண்டும் அருகருகே நிற்கின்றன.

தேதியும் செய்தியும்

சோப்பு விற்கும் நிறுவனத்தின் பங்கு சிறு சிறு அடிகளாக நகரும். மருந்து ஆய்வு நிறுவனத்தின் பங்கு பல மாதம் உறங்கிவிட்டு ஒரே இரவில் தாவும். அமெரிக்க நிறுவனமான பயோஜென்னின் அல்சைமர் மருந்து இதற்குத் தெளிவான சான்று. 2019 மார்ச்சில் மருந்துச் சோதனைகள் நிறுத்தப்பட்ட செய்தி வந்த நாளில் பங்கு சுமார் 29 சதவீதம் விழுந்தது. 2020 நவம்பர் 4 அன்று, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆவணங்கள் மருந்துக்குச் சாதகமாக இருந்ததால் சுமார் 44 சதவீதம் ஏறியது. அதே வாரம் வெள்ளிக்கிழமை நிபுணர் குழு மருந்துக்கு எதிராகக் கருத்துச் சொல்ல, திங்களன்று சுமார் 28 சதவீதம் இறங்கியது. 2021 ஜூன் 7 அன்று மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பங்கு சுமார் 38 சதவீதம் ஏறியது.

இவ்வகைப் பங்குக்கு ஐம்பது நாள் சராசரிக் கோடு வரைந்து போக்கைக் கணிப்பதில் பெரிய பயன் இல்லை. அந்தக் கோட்டுக்கு அடுத்த வாரம் கூடும் நிபுணர் குழுவைப் பற்றி எதுவும் தெரியாது. பயனுள்ள வழி, விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்து, சோதனை முடிவுகள், ஒழுங்குமுறை அமைப்பின் தீர்ப்புகள், தொழிற்சாலை ஆய்வுகள், பங்கு வெளியீடுகள் ஆகியவற்றின் தேதிகளைக் குறிப்பது. பெரிய நகர்வு நாள்களில் எத்தனை இந்தத் தேதிகளில் விழுகின்றன என்று எண்ணினால் நிறுவனத்தின் இயல்பு புலப்படும்.

தேதியைப் பொருத்தும்போது நேர வேறுபாட்டை மறக்கக் கூடாது. பயோகானும் மைலானும் சேர்ந்து உருவாக்கிய டிராஸ்டுசுமாப் பயோசிமிலர் மருந்துக்கு 2017 டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அங்கே பகல் என்றால் இங்கே இரவு. இந்தியச் சந்தை அந்தச் செய்தியை விலையில் காட்டக்கூடிய முதல் நாள் டிசம்பர் 4, திங்கள். டிசம்பர் 1ஆம் தேதி விலையை வைத்து அதன் தாக்கத்தை அளந்தால், செய்திக்கு முந்தைய விலையையே அளந்ததாகும்.

நல்ல செய்திக்குப் பங்கு ஏறும் என்பதும் உறுதியல்ல. 2022 பிப்ரவரி இறுதியில், வியாட்ரிஸ் நிறுவனத்தின் பயோசிமிலர் வணிகத்தை 330 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கப்போவதாகப் பயோகான் பயோலாஜிக்ஸ் அறிவித்தது. வணிகம் பெருகும் செய்திதான். ஆனாலும் தாய் நிறுவனத்தின் பங்கு அன்று இறங்கியது. இவ்வளவு பெரிய தொகை எங்கிருந்து வரும், கடன் எவ்வளவு ஏறும் என்பதே முதலீட்டாளர்களின் கவலை.

பட்டியலில் இல்லாதவை

போனஸ் பங்குக்கு விலை சரிசெய்யப்படும். பணம் பெற்றுக்கொண்டு புதிய பங்கு விற்றால் சரிசெய்யப்படாது. 2025இல் பயோகான் விற்ற பங்குகள் சுமார் 13.6 கோடி. இதனால் 2004 முதல் அதன் சந்தை மதிப்பு ஏறக்குறைய பதினான்கு மடங்காகியிருந்தும், பழைய பங்குதாரரின் ஒரு பங்கு பன்னிரண்டரை மடங்குதான் ஆனது. வருமானம் வருமுன்பே பல ஆண்டுகள் ஆய்வுக்குச் செலவிடும் சிறு நிறுவனங்களில் இந்த இடைவெளி மிக அகலமாக இருக்கும். ஆகவே பங்கு எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் குறித்து வைப்பது நல்லது.

இன்னொன்று, இறந்துபோன நிறுவனங்கள். புரோஸ்டேட் புற்றுநோய்க்கான மருந்துக்கு 2010இல் ஒப்புதல் பெற்ற டென்ட்ரியான், 2011 ஆகஸ்டில் விற்பனைக் கணிப்பைத் திரும்பப் பெற்ற நாளில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்தது. 2014 நவம்பரில் திவாலானது. இன்று சந்தையில் இருக்கும் நிறுவனங்களின் பட்டியலை எடுத்து, அவற்றின் பழைய விலைகளைக் கொண்டு இத்துறையின் சராசரி வருவாயைக் கணக்கிடுபவரின் அட்டவணையில் டென்ட்ரியான் இருக்காது. அத்தகைய ஆய்வைச் செய்ய, தொடக்க ஆண்டில் பட்டியலில் இருந்த நிறுவனங்களின் பெயர்களை முதலில் எடுத்து, நீக்கப்பட்டவற்றின் கடைசி விலைவரை சேர்த்துக் கணக்கிட வேண்டும்.