மாத்தளைப் புதைகுழியின் காலம்

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை மாத்தளையோடு முடிவடைகின்றது. மலைநாட்டிற்கும் வடக்கின் வறண்ட சமவெளிக்கும் இடையே வாயில்போல் அமைந்த அந்நகரில், 2012ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அரசினர் வைத்தியசாலை வளவில், கழிவுப் பொருள்களிலிருந்து எரிவாயு எடுக்கும் கலம் ஒன்றை அமைப்பதற்காக நிலத்தை அகழ்ந்தனர். அகழ்ந்த இடத்தில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு மாதக் கணக்கில் நீடித்தது. இறுதியில் கணக்கிடப்பட்டோர் தொகை 150க்கு மேற்பட்டது.

இவர்கள் யார் என்னும் வினாவிற்கு விடை காண்பதற்கு முன்னர், எப்பொழுது இறந்தனர் என்பது தெரிய வேண்டும். வைத்தியசாலை நிலம் ஆதலின், 1940களில் பரவிய தொற்றுநோயினால் மாண்டவர்களை அவசரமாகப் புதைத்திருக்கலாம் என்று சிலர் கருதினர். மண்சரிவில் மடிந்தோராக இருக்கலாம் என்றனர் வேறு சிலர். இவற்றுள் ஒன்று உண்மையாயின், அது துயரமான பழைய வரலாறு, அவ்வளவே. ஆனால் அவர்கள் 1980களின் இறுதியில் இறந்தவர்களாயின், அது கொலை. புலன் விசாரணையும் குற்றப் பத்திரிகையும் தண்டனையும் அதனைத் தொடர்ந்து வரவேண்டியவை. நூற்றைம்பது பேரின் மரணம் குற்றமா அன்றா என்பது ஓர் ஆண்டு எண்ணிலே தங்கி நின்றது.

1987 முதல் 1989 வரை மக்கள் விடுதலை முன்னணி நடத்திய கிளர்ச்சியும், அதனை ஒடுக்க அரசு மேற்கொண்ட நடவடிக்கைகளும் தெற்கிலும் மத்திய மலைநாட்டிலும் பல்லாயிரவர் உயிரைக் குடித்தன. இரு தரப்பினரும் கொன்றனர். அரசின் காவலில் எடுக்கப்பட்டுத் திரும்பாத இளைஞர் பலர். 1994இல் அமைக்கப்பட்ட மூன்று பிராந்திய ஆணைக்குழுக்களுள் ஒன்று, மத்திய மாகாணத்தில் காணாமற்போனவர்களைப் பற்றியும் விசாரித்தது. மாத்தளையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் புதைகுழிச் செய்தி கேட்டு நீதிமன்றத்தை நாடியதில் வியப்பில்லை. 1989இல் அம்மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாகப் பணியாற்றிய கோத்தபாய ராஜபக்ச, புதைகுழி வெளிப்பட்ட வேளையில் நாட்டின் பாதுகாப்புச் செயலாளராக இருந்தார். காலக் கணிப்பு ஏன் வெறும் ஆராய்ச்சி விடயமாக நிற்கவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

களனிப் பல்கலைக்கழகத் தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவ, மண் அடுக்குகளையும் எலும்புகளோடு கிடைத்த பொருள்களையும் ஆராய்ந்து, இப்புதைப்பு 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டது என்று நீதிமன்றத்திற்கு அறிக்கை அளித்தார். சித்திரவதையைக் காட்டும் அடையாளங்கள் சில எலும்புகளில் உள்ளன என்னும் செய்தியும் வெளிவந்தது. 2013இல் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள பீற்றா அனலிற்றிக் என்னும் ஆய்வுகூடத்திற்குச் சென்றன. அங்கிருந்து கிடைத்த விடை, அவை 1950ஆம் ஆண்டுக்கு முற்பட்டவை என்பது. ஒரே குழி, இரண்டு காலங்கள்.

இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ள, காபன் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வாயுமண்டலத்தின் மேற்பகுதியில் நைதரசன் அணுக்களைத் தாக்குவதால், காபன் 14 என்னும் கதிரியக்கக் காபன் உண்டாகின்றது. செடிகள் அதனை ஒளித்தொகுப்பின்போது காற்றிலிருந்து உட்கொள்ளுகின்றன. செடியை உண்ணும் விலங்கிலும், இரண்டையும் உண்ணும் மனிதனிலும் அது சேருகின்றது. இறந்தபின் வரவு நின்றுவிடும். இருந்தது மட்டும் சிதைந்துகொண்டே போகும். பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் செல்லும். இதனைக் கடிகாரமாகப் பயன்படுத்தலாம் எனக் காட்டிய வில்லார்ட் லிபி 1960இல் நோபல் பரிசு பெற்றார்.

இக்கடிகாரம் ஆயிரம் ஆண்டுகளை நன்கு எண்ணும். நாற்பது ஆண்டுகளை எண்ண மாட்டாது. நாற்பது ஆண்டுகளில் குறைவது நூற்றில் அரைப் பங்கே. அன்றியும், கடந்த முந்நூறு ஆண்டுகளில் வாயுமண்டலத்தின் காபன் அளவு ஏறியும் இறங்கியும் வந்ததாலும், தொழிற்சாலைகள் எரித்த நிலக்கரி பழைய காபனைக் காற்றில் கலந்ததாலும், 1700இல் இறந்தவரையும் 1930இல் இறந்தவரையும் இம்முறையால் பிரித்தறிதல் அரிது. ஆகவே 1950க்கு முற்பட்டது என்னும் விடை 1940களின் தொற்றுநோயைச் சுட்டிக்காட்டவில்லை. அது ஒரு பெரிய வெளியை மட்டுமே காட்டுகின்றது.

அப்படியானால் 1950 என்னும் எல்லை எங்கிருந்து வந்தது? காபன் ஆராய்ச்சியாளர் தம் கணக்கில் ‘இன்று’ எனக் கொள்வது 1950ஆம் ஆண்டையே. அதன்பின் வந்த வல்லரசுகளின் அணுகுண்டுப் பரீட்சைகள், 1955 முதல் வாயுமண்டலத்தில் காபன் 14இன் அளவை மிகுவித்தன. 1963இல் வாயுமண்டலப் பரீட்சைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதற்குள் வட அரைக்கோளத்தில் அவ்வளவு ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. பின்னர் கடலும் காடும் உறிஞ்ச, ஆண்டுதோறும் அது இறங்கிவந்தது. 1989இல்கூட பழைய அளவைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் உயர்ந்தே நின்றது. யாரையோ அச்சுறுத்த வெடித்த குண்டு, மலைநாட்டுச் சிற்றூரில் சோறுண்ட குழந்தையின் பல்லிலும் தன் ஆண்டைப் பொறித்துவிட்டது.

இங்கேதான் முடிச்சு இருக்கின்றது. பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் சிறுவயதில் உருவானபின் மாறுவதில்லை. எலும்போ வாழ்நாள் முழுவதும் மெல்லப் புதுப்பிக்கப்படுகின்றது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆராய்ச்சியாளர் 2005இல், அணுகுண்டுக் காலத்தில் உருவான எனாமலைக் கொண்டு ஒருவரின் பிறந்த ஆண்டை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வேறுபாட்டில் கணிக்கலாம் எனக் காட்டினர். பிறந்த ஆண்டு என்பதைக் கவனித்தல் வேண்டும், இறந்த ஆண்டன்று. 1929இல் பிறந்து 1989இல் அறுபது வயதில் கொல்லப்பட்டவரின் பல்லை மட்டும் சோதித்தால், அது 1950க்கு முற்பட்டது என்றே விடை வரும். அவர் எலும்பிலேயே குண்டுக் காபன் கலந்திருக்கும். மாறாக, 1969இல் பிறந்து இருபது வயதில் மாண்டவரின் பல்லும் எலும்பும் அக்காபனாலேயே ஆனவை. அவரை முற்பட்டவர் என்று எக்கருவியும் கூறாது.

ஆதலின் கேட்க வேண்டிய கேள்வி, ஆய்வுகூடம் பிழை செய்ததா என்பதன்று. சோதிக்கப்பட்டது பல்லா எலும்பா, அவர் இறந்த வயதென்ன, குழியின் எந்த அடுக்கில் கிடந்தார், குழியிலிருந்து புளோரிடா சேரும்வரை மாதிரி யார் யார் கைமாறிற்று என்பவையே கேள்விகள். இளைஞர் என உறுதியான பலரின் எலும்பில் குண்டுக் காபன் இல்லையாயின், தொல்லியற் கணிப்பு மறுபரிசீலனைக்குரியது. ஒரு சிலரின் மாதிரியைக் கொண்டு நூற்றைம்பது பேருக்கும் தீர்ப்பு எழுதுவது வேறு.

இவ்வினா மாத்தளையோடு நிற்கவில்லை. மன்னார் நகரில் சதொச விற்பனை நிலையக் காணியில் 2018இல் தோண்டிய புதைகுழியில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதே ஆய்வுகூடத்திற்கு ஆறு மாதிரிகள் அனுப்பப்பட்டன. அவை பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரையிலானவை என்று 2019இல் விடை வந்தது. குழியிற் கிடைத்த பிற்காலப் பொருள்களைக் காட்டி, காணாமற்போனோரின் உறவினர் அதனை ஏற்க மறுத்தனர்.

காலம் தெளிந்தபின்னும் பெயர் தெரிவதற்கு மரபணுச் சோதனை வேண்டும். எலும்பிலிருந்து எடுக்கும் மரபணுவைப் பெற்றோர் அல்லது உடன்பிறந்தாரின் மரபணுவோடு ஒப்பிடுவர். அதற்கு வேண்டியது உறவினரின் ஒரு துளி இரத்தம் அல்லது உமிழ்நீர். 1989இல் இருபது வயதில் காணாமற்போனவரின் தாய் உயிரோடிருந்தால், இன்று எண்பதை அணுகியோ கடந்தோ இருப்பார். மாதிரியை அவரிடமிருந்து இப்பொழுதே பெற்று வைத்தல் கூடும். எலும்பின் காலம் பற்றிய வழக்கு முடியும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.