ஒரு சாண் ரப்பர் குழாய்

ஒரு நாள் காலை வண்டியை எடுக்கப் போனபோது, கார்புரேட்டருக்குக் கீழே சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை படிந்திருந்தது. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. பதினைந்து வருடம் ஓடிய நூறு சி.சி. வண்டி. குனிந்து பார்த்தேன். டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் காக்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் டியூப், கார்புரேட்டரின் மூக்கில் சேரும் இடத்தில் ஒரு துளி திரண்டு நின்றது. அது விழுந்ததும் அடுத்தது திரண்டது.

அந்த டியூபை இரண்டு வருடம் முன்பு நானே மாட்டினேன். வண்டியோடு வந்த கறுப்பு டியூப் வெடித்திருந்தது. பக்கத்து ஹார்டுவேர் கடையில் அதே அளவில், கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தெளிவான டியூப் கிடைத்தது. பெட்ரோல் ஓடுவது கண்ணுக்குத் தெரியும் என்பதும் பிடித்திருந்தது. இப்போது அது மஞ்சளித்து, ஈர்க்குச்சி போல் விறைத்திருந்தது.

தெருமுனை மெக்கானிக் அதைக் கழற்றி இரண்டாக வளைத்தார். சட்டென்று ஒடிந்தது. “இது தண்ணிக்கான டியூப் சார். பெட்ரோல் இதோட சாரத்தை உறிஞ்சிடும்” என்றார். அவர் சொன்னது அட்சரசுத்தமான வேதியியல் என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. குழாயின் அளவு பொருந்தினால் மட்டும் போதாது, அதன் குணமும் உள்ளே ஓடும் திரவத்துக்குப் பொருந்த வேண்டும். அந்த ஒரு சாண் குழாய்க்குள் இருக்கும் அறிவியலைப் பார்ப்போம்.

தானாக இறங்கும் பெட்ரோல்

கார்புரேட்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோலைத் தள்ள பம்ப் கிடையாது. டேங்க் மேலே இருக்கிறது, கார்புரேட்டர் கீழே இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவது போல, பெட்ரோல் தன் எடையாலேயே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அது தரும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய தள்ளலே போதும்.

ஏனென்றால் எஞ்சின் குடிப்பது மிகக் குறைவு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் செலவாகும். விநாடிக்கு ஏறத்தாழ 0.28 மில்லி லிட்டர், அதாவது சில துளிகள். அந்தச் சில துளிகளே வண்டியையும் இரண்டு பேரையும் சுமந்து ஓடுகின்றன. பெட்ரோல் முழுதாக எரிய அதன் எடையைப் போல் 14.7 மடங்கு காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றை எஞ்சின் இழுத்துக்கொள்கிறது.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் பந்து வால்வு போலத்தான் அதன் வேலை. கிண்ணம் நிறைந்ததும் மிதவை உயர்ந்து, ஊசி போன்ற ஒரு முனையால் வழியை அடைக்கும். ஆகவே வண்டி நின்றிருக்கும்போதும், காக் திறந்திருந்தால் டியூப் முழுக்கப் பெட்ரோல் நிற்கும். இணைப்பில் சிறு இடைவெளி இருந்தாலும் இரவு முழுக்கச் சொட்டுவதற்கு இதுவே காரணம்.

டேங்க் மூடியில் காற்று புக ஒரு நுண்துளையும் உண்டு. எண்ணெய் டின்னில் ஒரு துளை மட்டும் போட்டால் எண்ணெய் விக்கி விக்கி வரும், எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால் சீராக இறங்கும். அதே கதைதான். மூடியின் துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உருவாகி, டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் வண்டி நின்றுவிடும். டியூபைக் குறை சொல்வதற்கு முன் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

பிடியின் ரகசியம்

டியூபின் உள்விட்டம் உலோக மூக்கின் வெளிவிட்டத்தைவிடச் சற்றுக் குறைவு. அதனால்தான் அழுத்தித் திருகி ஏற்ற வேண்டியிருக்கிறது. மூக்கின் நுனியருகே ஒரு புடைப்பு வளையம் உண்டு. ரப்பர் அதன்மேல் விரிந்து ஏறி, தாண்டியதும் மறுபடி சுருங்கி உலோகத்தை இறுக்கிப் பிடிக்கிறது. ஒழுகாமல் தடுப்பது முதலில் அந்தப் பிடிதான்.

விரிந்த ரப்பர் ஏன் சுருங்க வேண்டும்? எஃகு ஸ்பிரிங்கை இழுத்தால் அதன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் விறைக்கின்றன. அந்த விறைப்பு அதைத் திருப்பி இழுக்கிறது. ரப்பரின் கதை வேறு. அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள், இடியாப்பம் போலச் சிக்கிச் சுருண்டு கிடப்பவை. இழுத்தால் அவை நேராகி வரிசையில் நிற்கின்றன. ஆனால் வெப்பத்தால் ஒவ்வொரு சங்கிலியும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் துடிப்பு அவற்றை வரிசையில் நிற்க விடாது, மறுபடி சுருளச் செய்யும். ரப்பரின் பிடிக்குள் இருப்பது வெப்பத்தின் ஆட்டம்.

இதை நீங்களே உணரலாம். அகலமான ஒரு ரப்பர் பேண்டை உதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு சட்டென்று இழுங்கள், இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே சில நொடி பொறுத்துவிட்டுத் தளர்த்துங்கள், குளிர்ச்சி தெரியும். பார்வையற்ற இங்கிலாந்து அறிஞர் ஜான் கஃப் 1805-இல் இதைக் கவனித்து எழுதினார். இழுத்துப் பிடித்த ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்குகிறது என்பதையும் அவர் கண்டார்.

அப்படியானால் டியூபின் முனையில் மாட்டும் கிளிப் எதற்கு? வருடக்கணக்கில் விரிந்தே இருக்கும் ரப்பரில் சங்கிலிகள் மெல்ல மெல்ல வழுக்கி, புது நிலைக்குப் பழகிவிடுகின்றன. பிடி தளர்கிறது. அதை ஈடுகட்டுவதே கிளிப்பின் வேலை. டியூப் மெலிந்தால் ஸ்பிரிங் கிளிப்பும் கூடவே சுருங்கி, அழுத்தத்தைத் தொடர்ந்து தரும். கிளிப் தொலைந்துவிட்டது என்று கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுவது தவறு. கம்பி ஒரு மெல்லிய கோட்டில் மொத்த அழுத்தத்தையும் செலுத்தி, நாளடைவில் ரப்பரை அறுத்துவிடும்.

பெட்ரோல் தின்னும் ரப்பர்

ரப்பர் மரத்தின் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பரின் சங்கிலிகளில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. பெட்ரோலும் பெரும்பாலும் அப்படித்தான். ஒத்த இயல்பு உள்ளவை ஒன்றில் ஒன்று கலக்கும் என்பது வேதியியலின் பொது விதி. அதனால் பெட்ரோல் இயற்கை ரப்பரின் சங்கிலிகளுக்கு நடுவே எளிதாகப் புகுந்துவிடுகிறது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டறிந்தார். கந்தகம் சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்டு இணைத்துவிடுவதால், ரப்பர் பெட்ரோலில் கரைந்து போகாது. ஆனால் ஊறிய கடலை போல உப்பிப் பருத்து, வலுவிழக்கும்.

1930-களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். சங்கிலியில் ஆங்காங்கே நைட்ரஜன் உள்ள நைட்ரைல் கூறுகளைக் கோத்தார்கள். இந்தக் கூறுகளில் ஒரு முனை சற்று நேர்மின் இயல்பும் மறுமுனை சற்று எதிர்மின் இயல்பும் கொண்டிருக்கும். பெட்ரோலுக்கு அந்த இயல்பு இல்லாததால் அது உள்ளே புகத் தயங்குகிறது. கறுப்பு நிறப் பெட்ரோல் டியூப்களின் உள்ளடுக்கில் காலங்காலமாக இருந்து வருவது இந்த நைட்ரைல் ரப்பர்தான்.

நான் மாட்டிய தெளிவான டியூபோ பி.வி.சி. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, வீட்டுக் குழாய்களே அதற்குச் சாட்சி. அதை வளையும் டியூப் ஆக்க, எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியைக் கலக்கிறார்கள். பெட்ரோல் ஓட ஓட, அந்த மென்மையூட்டியைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது விறைத்த பிளாஸ்டிக். மெக்கானிக் சொன்ன ‘சாரம்’ இதுதான்.

இப்போது இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு அறிமுகமாகி, நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலுக்கும் நைட்ரைல் கூறுகளைப் போலவே மின்முனை இயல்பு உண்டு. பெட்ரோலைத் தடுக்க வைத்த காவலே எத்தனாலுக்குக் கதவாகிறது. பெட்ரோலும் எத்தனாலும் கலந்த நிலையில், சாதாரண நைட்ரைல் ரப்பர் தனிப் பெட்ரோலில் உப்புவதைவிட அதிகமாக உப்புகிறது. ஃப்ளூரின் சேர்ந்த ரப்பர்கள் இதை நன்றாகத் தாங்கும். பழைய வண்டிக்குப் புது டியூப் வாங்கும்போது, எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குவது இனி அவசியம்.

பம்ப் வந்த பிறகு

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதிகள் வந்தபின், நம் புது வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன் முறைக்கு மாறிவிட்டன. டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப், காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. பழைய முறையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்குக்கும் மேல். இங்கே சொட்டாது, பீய்ச்சும். அதனால் இவ்வண்டிகளில் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் இணைப்பும், அதற்குள் ஓ-ரிங் என்ற சிறு ரப்பர் வளையமும் இருக்கின்றன. ஓ-ரிங்கின் அழகு என்னவென்றால், அழுத்தம் கூடக் கூட அது இடுக்கில் இன்னும் இறுக்கமாகப் போய் அமர்ந்துகொள்ளும்.

ஆனால் ரப்பர் திரும்பி விரிந்தால்தான் அது நடக்கும். 1986 ஜனவரி 28 அன்று, உறைநிலையை ஒட்டிய குளிரில் சேலஞ்சர் விண்கலம் கிளம்பியது. ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ-ரிங்குகள் குளிரில் விறைத்து, இடைவெளியை உடனே மூடத் தவறின. 73 விநாடிகளில் விண்கலம் சிதறி ஏழு பேர் உயிரிழந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அழுத்திப் பிடித்த ரப்பர்த் துண்டைப் பனிக்கட்டி நீரில் தோய்த்து, விடுவித்ததும் அது உடனே பழைய வடிவுக்குத் திரும்பாததை எல்லோர் முன்னும் காட்டினார். குளிரில் சங்கிலிகளின் துடிப்பு மந்தமாகிறது, பிடியும் மந்தமாகிறது. விண்கலத்துக்கும் வண்டிக்கும் ரப்பரின் விதி ஒன்றே.

மாற்றும்போது

பெட்ரோல், நீரின் உறைநிலைக்கு 40 டிகிரி கீழே இருந்தாலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடும். காற்றில் அந்த ஆவி வெறும் 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தூரத்தில் உள்ள விளக்கையும் அடுப்பையும் போய்ச் சேரும். ஆகவே எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில் மட்டுமே இந்த வேலையைச் செய்ய வேண்டும். செல்போன் வெளிச்சத்திலோ தீக்குச்சி வெளிச்சத்திலோ அல்ல, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பெட்ரோல் காக்கை மூடி, கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். கிளிப்பைக் குறட்டால் பிடித்து டியூபின் நடுப்பக்கம் நகர்த்துங்கள். டியூபை நேராக இழுக்காமல் திருகிக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுங்கள். பலமாக இழுத்தால் கார்புரேட்டர் மூக்கே கழன்றுவிடக் கூடும். புது டியூபின் முனையை நேராக வெட்டுங்கள், பழையதன் நீளத்துக்கே வெட்டுங்கள். நீளம் கூடினால் மடிந்து வழி அடையும், சூடான எஞ்சினிலும் உரசும். புடைப்பு வளையத்தைத் தாண்டி ஏற்றி, கிளிப்பை அந்த வளையத்துக்குப் பின்னால் நிறுத்துங்கள். காக்கைத் திறந்து சில நிமிடம் பொறுங்கள். இணைப்பைச் சுற்றி உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகே எஞ்சினைக் கிளப்புங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அணைத்த பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அதைக் கழற்றுவது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

என் வண்டியில் இப்போது பெட்ரோலுக்கென்றே செய்த கறுப்பு டியூப் இருக்கிறது, இரண்டு முனையிலும் ஸ்பிரிங் கிளிப்புகள். நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் நீங்களும் ஒரு நிமிடம் குனிந்து, அந்த டியூபை விரலால் வளைத்துப் பாருங்கள். மென்மையாக வளைந்து திரும்பினால் அதற்கு உயிர் இருக்கிறது. விறைத்திருந்தாலும் உப்பியிருந்தாலும், வளைத்த இடத்தில் மெல்லிய விரிசல் தெரிந்தாலும், அன்றே மாற்றிவிடுங்கள்.