புகையில் பிறக்கும் வலிமை

ஜொகூரில், சிகாமட்டிலிருந்து லாபிஸ் வழியாக யோங் பெங் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையில், செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகள் மெதுவாகச் செல்வதைக் காணலாம். அவற்றை முந்த நினைக்கும் மகிழுந்து, எதிர்த்திசை வாகனம் நெருங்கும் முன் வேகம் எடுத்தாக வேண்டும். அதற்கான வலிமை எங்கிருந்து வருகிறது?

எரிபொருளிலிருந்து என்று உடனே கூறிவிடுவோம். ஆனால், 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. சாதாரண இயந்திரத்தில் பிஸ்டன் கீழிறங்கும்போது வெளிக்காற்று உருளைக்குள் நுழைகிறது. அதன் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் மட்டுமே. எனவே, கூடுதல் வலிமை வேண்டுமானால் இயந்திரத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரட் பியூகி வேறு வழியைச் சிந்தித்தார். வீணாக வெளியேறும் புகையின் ஆற்றலையே பயன்படுத்தும் கருவிக்கு அவர் 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். அதன் வழிவந்ததே இன்றைய டர்போசார்ஜர்.

இக்கருவியில் ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள் உள்ளன. இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனுடன் சுழலும் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இயந்திரத்திற்குள் செலுத்துகிறது. இத்தண்டு நிமிடத்திற்கு 100,000 முறைக்கு மேலும் சுழலக்கூடும். அழுத்தப்பட்ட காற்று சூடேறி விரிவதால், குளிர்விப்பான் ஒன்று அதைக் குளிரவைத்து மேலும் அடர்த்தியாக்குகிறது.

வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் இவ்வாறு கிடைக்கும் அழுத்தமே மிகையழுத்தம். அது 0.5 பார் எனில், 1 லிட்டர் இயந்திரம் ஏறக்குறைய 1.5 லிட்டர் இயந்திரத்திற்குரிய காற்றைப் பெறும். 2021-இல் அறிமுகமான பெரோடுவா அத்திவா இதற்குச் சான்றாகும். அதன் 998 சி.சி. இயந்திரம் 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. டர்போ இல்லாத 1.5 லிட்டர் மைவி தருவதோ சுமார் 137 தான். கொள்ளளவைக் கொண்டு விதிக்கப்படும் ஆண்டுச் சாலை வரியும் அத்திவாவிற்கு 20 ரிங்கிட். மைவிக்கு 90 ரிங்கிட்.

அழுத்தம் அளவு கடந்தால் எரிபொருள் உரிய நேரத்திற்கு முன்பே எரிந்து இயந்திரத்தைச் சேதப்படுத்தும். அதைத் தடுக்க, ஒரு தடுப்பிதழ் திறந்து, புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தில் படாமல் வெளியேற்றுகிறது. வேகமாகச் சுழலும் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. ஆகவே, இயந்திர எண்ணெயைக் காலம் தவறாமல் மாற்றுவது இன்றியமையாதது.

ஓட்டுநர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். எரிபொருள் மிதியை அழுத்தியதும், புகை பெருகிச் சக்கரம் வேகம் பெறச் சிறிது நேரம் ஆகும். அதன் பிறகே முழு வலிமை கிட்டும். அந்தச் சிறு தாமதத்தையும் கணக்கில் கொண்டே லோரியை முந்த வேண்டும். இயந்திரத்தின் ஆற்றலை மட்டுமன்றி அதன் எல்லையையும் அறிந்தவரே பாதுகாப்பாக வீடு சேர்வார்.