காலை நடைக்கு முதல் நாள் இரவே புறப்பட வேண்டும்

காலை ஆறு மணிக்கு புக்கிட் பாஞ்சாங்கில் இன்னும் இருட்டுதான். ஃபஜார், பெட்டிர், ஜெலாப்பாங் என்று வட்டமடித்து வரும் இலகு ரயிலில் சீருடைப் பிள்ளைகள் கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்குகிறார்கள். கம்பியைப் பிடித்து நிற்கும் பெரியவர்களில் பாதிப் பேரும் கண்ணை மூடியபடியேதான் வருகிறார்கள்.

இவர்களில் பலரிடம் ஏதாவது ஒரு தீர்மானம் இருக்கும். தினமும் அரை மணி நேரம் நடப்பது, தேநீரில் சீனியை விடுவது, இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பது. தைப்பொங்கலுக்குத் தொடங்கியது பங்குனிக்குள் நின்றுபோயிருக்கும். “எனக்கு மன உறுதி பத்தாது” என்று தங்களையே நொந்துகொள்வார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான் உண்டு. நின்றுபோன பழக்கத்துக்கான காரணத்தை அவர்கள் பகலில் தேடுகிறார்கள். அது பெரும்பாலும் முந்தைய இரவில் கிடக்கிறது.

சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் இந்நோய் சீனர்களைவிட அதிகம். அதனால் நம் வீடுகளில் சோறு, சீனி, நடை பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. அதே அக்கறையோடு தூக்கத்தையும் பேச வேண்டும் என்பதே என் கட்சி.

தூங்காத மூளை எதைத் தேர்ந்தெடுக்கும்?

சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள், பேராசிரியர் மைக்கேல் சீ உட்பட, 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 29 பேரிடம் ஓர் இரவு தூங்கவிடாமலும், நன்றாகத் தூங்கிய பிறகும், பணம் வைத்து ஆடும் முடிவுகளை எடுக்கச் சொன்னார்கள். தூங்கியெழுந்தபோது இழப்பைக் குறைக்கப் பார்த்தவர்கள், தூங்காதபோது லாபம் கிடைக்கும் பக்கமே சாய்ந்தார்கள். மூளைப் படத்திலும் அது தெரிந்தது: லாபத்துக்குக் கிளர்ச்சி கூடியது, இழப்புக்கு எழ வேண்டிய எச்சரிக்கை மங்கியது.

சோதனை பணத்தைப் பற்றியது என்றாலும், இரவு பதினொரு மணிக்கு பியூட்டி வேர்ல்ட் பக்கம் சூடான பிராட்டாவின் முன் உட்கார்ந்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். இப்போது கிடைக்கும் ருசி பெரிதாகத் தெரிகிறது. மூன்று மாதம் கழித்து வரப்போகும் ரத்தப் பரிசோதனை எங்கோ தூரத்தில் நிற்கிறது.

“எனக்கு ஆறு மணி நேரம் போதும், பழகிவிட்டது” என்பவர்கள் நிறைய. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வொன்று (2003) இதைச் சோதித்தது. இரண்டு வாரம் இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், ஓரிரு இரவு முழுக்க விழித்திருந்தவர்களின் அளவுக்குத் தளர்ந்தது. ஆனால் அவர்களைக் கேட்டால், கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான் என்றார்கள். இந்த ஆய்வு என்னைக் கவலைப்பட வைக்கிறது. தளர்ச்சியை அளக்க வேண்டிய மூளையே தளர்ந்திருக்கும்போது, ‘பழகிவிட்டது’ என்ற சொல்லை எப்படி நம்புவது?

பசியும் கொழுப்பும்

வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் லெப்டின். பசிக்கிறது என்று சொல்வது கிரெலின். 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். பத்து மணி நேரம் படுத்திருந்த நாள்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இனிப்பும் மாவுப் பண்டமும் தேடும் ஆசை எழுந்தது.

உணவைக் கட்டுப்படுத்தியும் பயனில்லை என்று புலம்புவோர் 2010இல் வெளிவந்த இன்னொரு சிகாகோ ஆய்வை அறிய வேண்டும். ஒரே அளவு குறைந்த உணவு. ஒரு சுற்றில் எட்டரை மணி நேரம் படுக்கை, மறு சுற்றில் ஐந்தரை. குறைவாகத் தூங்கிய இரு வாரங்களில் கரைந்த கொழுப்பு 55 விழுக்காடு குறைவு. எடை இறங்கியது, ஆனால் கொழுப்பைவிடத் தசை போன்ற கொழுப்பல்லாத பகுதியே அதிகம் கரைந்தது.

நம்பிக்கை தரும் ஆய்வும் உண்டு. 2022இல் எஸ்ரா தசாலி என்ற ஆய்வாளரின் குழுவினர், வழக்கமாக ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், உடல் எடை கூடிய 80 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்குத் தூக்கத்தை நீட்டிக்க ஆலோசனை மட்டும் தந்தார்கள். உணவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்கள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாகத் தூங்கினார்கள்; சாப்பாடு தானாகவே ஏறத்தாழ 270 கலோரி குறைந்தது.

நம் கடிகாரம் சூரியனுக்கு முந்தியது

சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைக்கு அதன் நேரம் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம் முந்தியிருப்பதே இயல்பு. 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து எட்டு மணி நேரமாக வைத்துக்கொண்டோம். எனவே இங்கே சூரியன் ஏழு மணியளவில்தான் உதிக்கிறது. உடலின் உள்கடிகாரத்தைச் சரிசெய்வது காலை வெளிச்சம். நாமோ இருட்டில் எழுந்து, இருட்டில் ரயிலேறி, குளிரூட்டிய அறைக்குள் போய்விடுகிறோம். இரவிலோ கைப்பேசி வெளிச்சம் கண்ணெதிரே. உள்கடிகாரம் பின்தள்ளிப் போவதில் வியப்பில்லை.

இதில் தனிமனிதரை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் வகுப்பு தொடங்கும் நேரத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. மாணவியர் படுக்கையில் இருந்த நேரம் முதல் மாதத்தில் சுமார் 23 நிமிடம் கூடியது. ஒன்பது மாதம் கழித்தும் முன்பைவிடச் சுமார் பத்து நிமிடம் அதிகமாகத் தூங்கினார்கள். பகல் தூக்கக்கலக்கமும் குறைந்தது. இதை இன்னும் பல பள்ளிகள் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

எங்கே தொடங்குவது?

எழும் நேரத்தில். வேலைநாளோ ஞாயிறோ, எழும் நேரம் அதிகம் மாறக்கூடாது. ஞாயிறு பத்து மணிவரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கள் காலை நடை போயிற்று. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பதால், எழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் படுக்கும் நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

முடிந்தவர்கள் நடையை ஏழே காலுக்குத் தள்ளுங்கள். ஜெங்ஹுவா இயற்கைப் பூங்காவிலோ பாங் சுவா பூங்கா இணைப்பிலோ அந்நேரம் நடந்தால் காலுக்கும் பயிற்சி, உள்கடிகாரத்துக்கும் வெளிச்சம்.

இரவு ஒன்பதுக்கு கோப்பிக் கடையில் குடிக்கும் தே, சீனி போடாத கொசோங்காக இருந்தாலும், காஃபீனோடுதான் வருகிறது. அதில் பாதி உடலைவிட்டுப் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். மதியத்தோடு நிறுத்துவது நல்லது.

பழக்கம் பதிய நாள் பிடிக்கும். லண்டன் யுசிஎல் ஆய்வில் சராசரி 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 250க்கும் மேல் எனக் கணித்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டார்கள். விட்ட நாளுக்காக வருந்தி அன்றிரவு தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரவுப் பணியாளர்களுக்கு

தாதியர், பாதுகாவலர், பேருந்து ஓட்டுநர், லிட்டில் இந்தியாவில் கடை அடைத்துவிட்டு டவுன்டவுன் பாதையின் கடைசி ரயிலில் வீடு திரும்புவோர்: இவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. பழக்கத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், விழிப்போடு கட்டுங்கள். எழுந்ததும் நடை, எந்த மணியானாலும். பகலில் தூங்கும் அறைக்குக் கனத்த திரை போடுங்கள். அம்மா பகலில் தூங்கும் நேரம் இது, கதவைத் தட்டக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். வீட்டார் ஒத்துழைத்தால் மட்டுமே இது நடக்கும்.

குறட்டையைச் சிரித்து விடாதீர்கள்

சிங்கப்பூரில் 2016இல் வெளியான ஆய்வொன்று, பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு மிதமானதாகவோ கடுமையாகவோ இருப்பதாகக் காட்டியது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. உரத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறி விழிப்பது, காலைத் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம்: இவை அடையாளங்கள். எட்டு மணி நேரம் படுத்தும் களைப்போடு எழுபவர் எத்தனை தீர்மானம் எடுத்தாலும் நிற்காது. அவருக்கு வேண்டியது சிகிச்சை. மூச்சுப்பாதையை மூடவிடாமல் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி பலருக்கு நல்ல பலன் தருகிறது. தூக்கமின்மை மாதக்கணக்கில் நீடிப்பவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது மாத்திரையல்ல. சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் ஆலோசனைச் சிகிச்சை.

இதை மருத்துவரிடம் பேச ஒரு வழி, 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டம். 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அதில் சேர்ந்து, குடும்ப மருத்துவரோடு உட்கார்ந்து உடல்நலத் திட்டம் வகுத்துக்கொள்ளலாம். அந்த முதல் சந்திப்புக்குக் கட்டணமில்லை. புக்கிட் பாஞ்சாங் பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் புளோக் அருகிலுள்ள மருந்தகத்துக்கோ போகும்போது, இரு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்ததைக் குறித்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள். கணவரோ மனைவியோ உங்கள் குறட்டையைக் கேட்டிருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்ல முடியாததை மருத்துவரிடம் அவரால் சொல்ல முடியும்.