கழிவுப் பிளாஸ்டிக்கும் எரிஎண்ணெயும்

நெசவாளர் இல்லத்தில் நூல் வந்த உறையும், குடியானவர் நிலத்தில் பழுதான சொட்டுநீர்க் குழாயும் இன்று ஒரே குப்பைக் குழியில் சேருகின்றன. வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்கா போன்ற இடங்களில், சரக்குகளைச் சுற்றிவரும் பாலிதீன் தாள்களும் மிஞ்சுகின்றன. இவற்றை எரிஎண்ணெயாக மாற்றலாம் என்பது வெறும் பேச்சன்று. டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலியக் கழகம், கெயில் நிறுவனத்தின் துணையுடன், நாளொன்றுக்கு 1 டன் பிளாஸ்டிக்கிலிருந்து 800 லிட்டர் வரை டீசல் எடுக்கும் ஆலையை 2019 ஆகஸ்டில் தொடங்கிற்று.

முறை யாதெனில், பாலிதீன் என்பது ஆயிரக்கணக்கான கரி அணுக்கள் கோத்த நெடிய இழையாகும். டீசலின் இழையிலோ ஏறத்தாழ 10 முதல் 20 கரி அணுக்களே உள்ளன. காற்றுப் புகாத கலத்தில் சுமார் 400 முதல் 500 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றினால், நெடிய இழை அறுந்து ஆவியாகும். அவ்வாவியைக் குளிரச் செய்தால் எண்ணெய் கிட்டும். குளிராத வாயுவைக் கலத்தைச் சூடேற்றவே பயன்படுத்தலாம்.

வெப்பம் மட்டும் இழையை ஒழுங்கின்றி அறுப்பதால் மெழுகு மிகுதியாக வரும். கிரியா ஊக்கி சேர்த்தால், குறைந்த உஷ்ணத்திலேயே இழை சிறு துண்டுகளாக அறும். ஜியோலைட் என்னும் ஊக்கி மிக வலியது. ஆயினும் விலை அதிகம். நாளடைவில் அதன்மீது கரி படிந்து வீரியம் குன்றும். ஆதலால் கயோலின் என்னும் வெண்களிமண், அனல்மின் நிலையச் சாம்பல், அலுமினா ஆலைகளின் செஞ்சேறு ஆகிய மலிவான பொருள்களை விஞ்ஞானிகள் சோதித்துள்ளனர். இவை சற்று மந்தமாக வேலை செய்யினும், அடிக்கடி மாற்றுவதற்குச் செலவு குறைவு.

எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு உதவா. பாலிதீனும் பாலிபுரொப்பிலீனும் உகந்தவை. பி.வி.சி. குழாய் கலந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தோன்றி இயந்திரத்தை அரித்துவிடும். பாலியெஸ்டர் நூலும் குடிநீர்ப் புட்டிகளும் சொற்ப எண்ணெயே தரும்; குழாய்களையும் அடைத்துவிடும். கிடைக்கும் எண்ணெயையும் சுத்திகரிக்காமல் பம்புசெட்டில் ஊற்றலாகாது.

மறுவார்ப்புக்கு உதவும் பிளாஸ்டிக்கை அதற்கே விற்பது நலம். எஞ்சியதே எண்ணெய்க்கு உரியது. எதற்காயினும் வகை பிரித்து, கழுவி, உலர்த்திச் சேர்ப்பதே அங்கத்தினர்களின் பங்கு. வயலில் கொளுத்துவதை அறவே விடவேண்டும்.

எவரேனும் இத்தகைய ஆலையை விற்க வருவாராயின், நிர்வாகக் குழுவினர் மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக: ஊக்கியை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றவேண்டும்? பி.வி.சி. கலவாதிருக்க வழியென்ன? எண்ணெயை என்ன விலைக்கு யார் வாங்குவர்? தக்க விடை கிட்டும்வரை சங்கத்தின் பங்குத்தொகை பெட்டியிலேயே இருக்கட்டும்.